அஞ்சலக ஆர்.டி.யும் 71 என்ற எண்ணும்

மாதம் 5,000 ரூபாய் அஞ்சலக ஆர்.டி.யில் (மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பில்) கட்டினால் 5 ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாய் வட்டி வருமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். மூன்று லட்சம், 6.7 சதவீதம், ஐந்து ஆண்டு என்று பெருக்கி 1,00,500 என்ற விடையோடு வந்திருந்தார். கிடைக்கப்போவது ஏறத்தாழ 56,830 ரூபாய்தான். 2023 இறுதியில் இதே வட்டிக்குக் கணக்குத் தொடங்கி இன்றும் கட்டிவருகிறேன் என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் தவணை 60 மாதங்கள் வட்டி ஈட்டுகிறது. கடைசித் தவணை ஒரே மாதம். ஆகவே நம் பணம் சராசரியாக 30½ மாதங்கள்தான் கணக்கில் இருக்கிறது. அந்தக் காலத்துக்குத் தனிவட்டி போட்டால் 51,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். காலாண்டுக்கு ஒருமுறை வட்டிக்கு வட்டி சேர்வதால் மீதி 5,700 சொச்சம் கிடைக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது 71 என்ற எண். மாதம் 100 ரூபாய் கட்டினால் முதிர்வில் 7,136 ரூபாய்; அதாவது மாதம் ஒரு ரூபாய் 71 ரூபாயாகிறது. மாடியில் ஓர் அறை கட்ட எங்களுக்கு 3,50,000 ரூபாய் தேவைப்பட்டது. அதை 71ஆல் வகுத்ததும் மாதத் தவணை 4,930 என்று தெரிந்தது. அன்று முதல் வீட்டு வரவு செலவு நோட்டின் ஒவ்வொரு வரியையும் 71ஆல் பெருக்கிப் பார்க்கிறேன். வேலைநாளில் 40 ரூபாய் என்று போகும் மாலைச் சிற்றுண்டி மாதம் 1,040 ரூபாய், ஐந்து ஆண்டில் 73,840 ரூபாய். குறைக்கச் சொல்லி யாரும் யாரையும் வற்புறுத்தாமலே எங்கள் வீட்டில் சில செலவுகள் குறைந்தன.

முன்கூட்டியே கட்டுவோருக்கான தள்ளுபடியைப் பலர் கவனிப்பதில்லை. 12 தவணைகளை ஒரே முறையில் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 40 ரூபாய், 5,000 ரூபாய்த் தவணைக்கு 2,000 ரூபாய் தள்ளுபடி கிடைக்கும். நடப்பு மாதத்தையும் சேர்த்தால் பணம் சராசரியாக ஐந்தரை மாதங்கள் முந்திப் போகிறது. அதே 60,000 ரூபாய் 4 சதவீதச் சேமிப்புக் கணக்கில் கிடந்திருந்தால் 1,100 ரூபாய்தான் ஈட்டியிருக்கும். தீபாவளி போனஸுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு விதியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மூன்று ஆண்டு முடியும்வரை கணக்கை முடிக்கவே இயலாது. அதன் பிறகும், முதிர்வுக்கு ஒரே ஒரு நாள் முன்னால் முடித்தால்கூட, மொத்தக் காலத்துக்கும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் தருவார்கள். நான்கு ஆண்டு 5,000 கட்டியவர் கணக்கை முடித்தால், தனிவட்டிக் கணக்கிலேயே 32,830 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 19,600 ரூபாய் வரும். வங்கி வைப்புகளில் பொதுவாக வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறைப்பதோடு விடுகிறார்கள். ஐம்பத்தொன்பது மாதம் தவறாமல் கட்டியவர் மருத்துவச் செலவுக்காக எடுக்கும்போது இப்படித் தண்டிப்பது எந்த வகையில் நியாயம்? கணக்கின் பேரில் கடன் வாங்கலாம் என்பார்கள். அதுவும் கட்டிய தொகையில் பாதிதான், வட்டியோ ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். தவணையை ஆயிரம் ரூபாய்க் கணக்குகளாகப் பிரித்துக்கொண்டால் தேவைக்கு ஒன்றை மட்டும் முடிக்கலாம் என்பதே எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு.

இத்தனை பாராட்டிய திட்டத்தை, தாயாரின் சிகிச்சைச் செலவு எப்போது வரும் என்று தெரியாத அந்த நண்பருக்கு நான் முழுமனத்தோடு பரிந்துரைக்கவில்லை. ஆயிரம் ரூபாய்க் கணக்குகள் இரண்டு மட்டும் தொடங்கச் சொன்னேன். 2,000 ரூபாயை 71ஆல் பெருக்கினால் 1,42,000. மீதி 3,000 ரூபாய் கேட்டவுடன் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.