நாலு பன்றிமுடி பிரஷ், நாலு வருஷம், தண்டையார்பேட்டை உப்புத் தண்ணி

எங்கள் வீட்டுக் குளியலறையில் இரண்டு குழாய். ஒன்றில் மெட்ரோ தண்ணி, வந்தால் வரும். இன்னொன்றில் போர் தண்ணி. நாக்கில் வைத்தால் கரிக்கும். ஷேவிங் பிரஷ் வாங்க நினைக்கும் வடசென்னைக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயைத்தான். 2021-ல் ஜெல்லை விட்டுவிட்டுப் பிரஷ்ஷுக்கு வந்தபோது எனக்கு இது தெரியாது.

முதல் பிரஷ் பாரிமுனைப் பக்கம் சலூன் சாமான் விற்கும் மொத்தக்கடையில் வாங்கியது. வெள்ளை பிளாஸ்டிக் கைப்பிடி, பெயர் கிடையாது. முடியின் நடுவில் கறுப்புப் பட்டை. பேட்ஜர் என்கிற விலங்கின் முடிக்கு இயல்பாகவே அப்படிப் பட்டை இருக்கும், விலையும் அதிகம்; அதுதான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அது பன்றி முடியில் ஏற்றிய சாயம். நாலைந்து தடவை அலசியதும் கிண்ணத்துத் தண்ணி தேநீர் நிறத்துக்கு வந்தது.

முதல் வாரம் கன்னம் எரிந்தது. தெருமுனை சலூன்காரரிடம் சொன்னேன். "இன்னா தம்பி, காஞ்ச பிரஷ்ஷை மூஞ்சில தேச்சா கீறாம இன்னா பண்ணும்? மொதல்ல மக்குல ஊறப் போடு" என்றார். பன்றி முடி தண்ணியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். குளிக்கப் போகும்போது மக்கில் போட்டுவிட்டு, குளித்து முடித்து எடுத்தால் வேறு பிரஷ் மாதிரி வளையும். அதோடு தினம் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளக்கும். தலைமுடி நுனி வெடித்தால் பெண்கள் கவலைப்படுவார்கள். இங்கே அதற்காகத்தான் காத்திருக்கிறோம். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அடிப்பக்கம் விறைப்பு, நுனி பஞ்சு. சோப்பைச் சுரண்டி எடுக்க அந்த விறைப்பு வேண்டும்.

வாசனையைப் பற்றி யாரும் சொல்லித் தரமாட்டார்கள். புதுப் பிரஷ் நனைந்தால் மழையில் நனைந்த ஆட்டுக்கொட்டகை மணம். நுரை கட்டி, அலசாமல் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கழுவினேன். நாலு நாளில் போய்விட்டது. இதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டு பாய்க்கு ஒன்று வாங்கித் தரலாமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நைலான் முடிப் பிரஷ் வைத்திருக்கிறார். அதுவும் நன்றாகத்தான் நுரை கட்டுகிறது, ஊறவும் போட வேண்டாம்.

இரண்டாவது, இத்தாலியில் போலோன்யா ஊரில் செய்யும் ஒமேகா 10049. சலூன்களுக்கான அளவு: முடி மட்டுமே ஆறரை சென்டிமீட்டர் நீளம், நீண்ட பிளாஸ்டிக் கைப்பிடி. நாற்காலிக்குப் பக்கவாட்டில் நின்று பிறர் முகத்துக்குப் போடுகிறவருக்கு அந்த நீளம் தேவை. கண்ணாடி முன் நிற்கிற எனக்கும் அது பிடித்துப்போனது, விரல்கள் சோப்பில் படுவதே இல்லை. நடுவில் ஒரு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருப்பதால் ஈரக் கையிலும் வழுக்காது. முடி பழகியபின் முகத்துக்கு மூன்று சுற்று நுரை ஒரே தடவையில் கிடைக்கும்.

மூன்றாவது ஆன்லைனில் வாங்கிய மரக் கைப்பிடி, பெயர் வேண்டாம். பார்க்க அழகு, உள்ளங்கையில் சூடாக உட்காரும். நாலு பிரஷ்ஷிலும் நல்ல முடி இதில்தான். ஆனால் கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. டிசம்பர் 2023 மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் ஈரத்திலேயே கிடந்த நாட்களில் வார்னிஷ் மயிரிழையாக விரிசல் விட்டது. அதன் வழியாகத் தண்ணி போய் மரம் உப்பி, முடி நட்டிருந்த குழியைச் சுற்றிப் பிளந்தது. மர வேலைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஏசி போட்ட குளியலறை இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

நாலாவது பித்தளைக் கைப்பிடி, மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. கனம் கையில் சுகம்தான். பத்து நாளில் பச்சைக் களிம்பு. அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தருவார். ஒருநாள் சோப்புக் கையிலிருந்து நழுவி விழுந்து தரை டைல்ஸ் ஒன்று போனது. அந்த டைல்ஸ் மாற்றிய செலவில் இரண்டு பிரஷ் வாங்கியிருக்கலாம். இப்போது அது ஷோகேஸில்.

தண்ணி விஷயத்துக்கு வருகிறேன். போர் தண்ணியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும். நுரை எழும்பாது, முடியின் அடியில் அது படிந்து பிரஷ் முறுக்கு மாதிரி விறைக்கும். பிரஷ் மோசம் என்று முதலில் நினைத்தேன். மெட்ரோ தண்ணியை ஒரு சொம்பு தனியாகப் பிடித்து வைத்ததும் அதே பிரஷ், அதே சோப்பு, எவர்சில்வர் கிண்ணம் வழிய நுரை. மாதம் ஒருமுறை தண்ணியில் கொஞ்சம் வினிகர் கலந்து ஐந்து நிமிஷம் ஊறவைத்துக் கழுவுகிறேன், பிசுக்கு போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாளில் காய்வதில்லை, அதனால் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஈரத்தோடு மூடி போட்டு வைத்தால் பூசண வாடை நிச்சயம்.

பாரிமுனைப் பிரஷ் மூன்றாம் வருஷம் முடி கொட்டிச் சொட்டையாகிவிட்டது, கைப்பிடியில் மட்டும் கீறல்கூட இல்லை. மரப் பிரஷ்ஷில் நேரெதிர். போன மாதம் வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் இரண்டையும் கொண்டுபோனேன். பிளந்த மரத்திலிருந்து முடிக்கற்றையைக் கழற்றி, பிளாஸ்டிக்கின் வாயைக் குடைந்து அகலப்படுத்தி, உள்ளே வெற்றாக இருந்ததை அரால்டைட் பசை ஊற்றி நிரப்பி நட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை, டீ மட்டும். லேசாக இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இன்று காலை ஷேவிங்கும் அதில்தான்.