8×25-ஆ, 8×32-ஆ? வேட்டைக்கு எடுத்துட்டுப் போற சின்ன பைனாகுலர் பத்தி ஒரு அலசல்

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். வேட்டைக்குன்னு ஒரே ஒரு பைனாகுலர்தான் வாங்கப் போறீங்க, அது கழுத்தை இழுக்கவும் கூடாதுன்னா 8×30 இல்ல 8×32 எடுங்க. வீட்ல ஏற்கனவே முன் லென்ஸ் 42 மிமீ இருக்குற பெரிய பைனாகுலர் ஒண்ணு இருக்கு, நாள் பூரா நடக்குறப்ப சட்டைப் பைக்குள்ள போட்டுக்க இன்னொண்ணு வேணும்னா 8×25 எடுங்க. 10×25 மட்டும் வேண்டாம். இந்த நம்பருக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கீழ சொல்றேன்.

ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, சின்ன பைனாகுலர் வாங்குற பெரும்பாலான பேர் எடையை மட்டும் பாத்து வாங்குறாங்க, அதுவும் பட்டப்பகல்ல இல்லன்னா கடை லைட்டுக்குக் கீழ பாத்து வாங்குறாங்க. அந்த வெளிச்சத்துல எல்லாமே பளிச்சுனுதான் தெரியும், 300 கிராமும் 600 கிராமும் ஒரே படத்தைக் காட்டுற மாதிரிதான் இருக்கும், அப்ப யாரா இருந்தாலும் எடை கம்மியானதைத்தான் கையில எடுப்போம். ஆனா மானும் காட்டுப்பன்னியும் உச்சி வெயில்ல வெளிய வர்றதில்லையே. விடியக்காலம் கருக்கல்லயும், சாயங்காலம் பொழுது சாஞ்சு கடைசி இருபது நிமிஷத்துலயும்தான் புதர் ஓரத்துல தலை காட்டும். அந்த இருபது நிமிஷத்துக்குத்தான் பைனாகுலர் வாங்கணும், மத்த நேரத்துக்கு எது இருந்தாலும் சமாளிச்சுக்கலாம்.

கணக்கு ரொம்ப எளிசு. 8×25-ல 8-ங்கிறது எத்தனை மடங்கு கிட்ட காட்டும்ங்கிறது, 200 மீட்டர்ல நிக்கிறது 25 மீட்டர்ல நிக்கிற மாதிரி தெரியும். 25-ங்கிறது முன்னாடி இருக்குற லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது நம்பரை முதல் நம்பரால வகுத்தா எக்ஸிட் பியூபில் வரும், அதாவது கண்ணு பக்கம் வெளிய வர்ற ஒளிவட்டத்தோட அகலம். பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு வெளிச்சத்தைப் பாத்தா ஐபீஸ் (நாம கண்ணு வைக்கிற பக்கத்து லென்ஸ்) நடுவுல சின்ன வெள்ளை வட்டமா தெரியும், அதேதான். 8×25-க்கு அது 3.1 மிமீ, 10×25-க்கு 2.5, 8×32-க்கு 4, 8×42-க்கு 5.25.

இதை நம்ம கண்ணோட சேத்துப் பாருங்க. நல்ல வெயில்ல நம்ம கண்ணு பாப்பா ரெண்டு, மூணு மிமீதான் திறந்திருக்கும், அதனால 3.1 தாராளம். இருட்டுல இள வயசுக்காரங்களுக்கு 7 மிமீ வரைக்கும் விரியும், வயசு ஏற ஏற அது குறைஞ்சு 5 பக்கம் வந்துடும். அந்தி நேரத்துல கண்ணு 5 மிமீ திறந்து காத்துட்டு இருக்கு, 10×25 குடுக்குறது 2.5 மிமீ வெளிச்சம், விட்டத்துல பாதின்னா பரப்புல கால் பங்குதான். எவ்வளவு ஒசத்தி கண்ணாடியா இருந்தாலும் இந்தப் பள்ளத்தை ரொப்ப முடியாது.

இது நானே பட்டு தெரிஞ்சுக்கிட்டது. ஒரு சாயங்காலம் நானும் கூட வேட்டைக்கு வந்த ஒரு அண்ணனும் காட்டு ஓரமா ஒரு மேட்டுல உக்காந்திருந்தோம், நான் அப்பதான் புதுசா வாங்கின 10×25 வெச்சிருந்தேன், ரொம்ப சந்தோஷமா இருந்தேன், கழுத்துல இருக்குறதே தெரியல. சூரியன் மறைஞ்சு கொஞ்ச நேரத்துல எதுத்தாப்ல புதர்ல ஒரு அசைவு, 150 மீட்டர் இருக்கும், மான்னு தெரியுது, ஆனா தலை இருக்குற இடத்துல கருப்பா ஒரு திட்டு, அதுக்குப் பின்னாடி கிளை.

"அண்ணே, கொம்பு இருக்கா இல்லையான்னே தெரியல"ன்னு மெதுவா சொன்னேன்.

அவர் பதில் பேசாம தன்னோட 8×32-ஐ கழட்டிக் குடுத்தாரு. "இதுல பாரு தம்பி, கொம்பு இல்ல, பெட்டை. பின்னாடி இன்னொண்ணு படுத்திருக்கு, குட்டி."

அதுல அப்படியே தெரிஞ்சுது. கிளை தனி, காது தனி, புல்லுக்குள்ள குட்டியோட முதுகு தனி. மடங்கு கம்மியான கண்ணாடியில ஜாஸ்தி தெரிஞ்சுது. நான் அந்த ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டே இருந்தேன், மான் போற வரைக்கும். அன்னைக்கு நான் துப்பாக்கியைத் தொடவே இல்ல, அது நல்லது, ஏன்னா என் கண்ணாடியை மட்டும் நம்பி இருந்தா எதைப் பாத்தேன்னே எனக்குத் தெரியாது.

இங்க ஒரு பொறி இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ட்வைலைட் ஃபேக்டர்னு ஒரு நம்பர் போடுவாங்க, மடங்கையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்குறது. 8×25-க்கு 14.1, 10×25-க்கு 15.8, 8×32-க்கு 16. பேப்பர்ல பாத்தா 10×25-ம் 8×32-ம் கிட்டத்தட்ட ஒண்ணு! ஆனா அந்த நம்பர் கண்ணுக்குள்ள போற வெளிச்சம் போதுமான்னு கேக்குறதே இல்ல, கண்ணாடியோட தரத்தையும் கணக்குல எடுக்குறதில்ல. அதைப் பாத்து முடிவு பண்ணாதீங்க.

10×25-ல இன்னும் ரெண்டு தொந்தரவு. மேடு ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது கை நடுக்கத்தையும் அது பத்து மடங்கு பெருசாக்கும், எடை கம்மியா இருக்குறதால நடுக்கத்தை அமுக்குறதுக்கு கனமும் இல்ல. அப்புறம் பார்வைப் பரப்பு. ஸ்வரோவ்ஸ்கி சிஎல் பாக்கெட்லயே 8×25 எடுத்தா 1000 மீட்டர் தூரத்துல 119 மீட்டர் அகலம் தெரியும், 10×25 எடுத்தா 98-தான். புதருக்குள்ள ஓடுற மிருகத்தைக் கண்ணாடிக்குள்ள பிடிக்கிறதுக்குள்ள அது போயிடும்.

சரி, 25 மிமீலயே வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க, அப்ப எது? ஸைஸ் விக்டரி பாக்கெட் 8×25, சிஎல் பாக்கெட் 8×25 ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்குப் பிடிச்சது விக்டரி. 290 கிராம், 130 மீட்டர் பரப்பு, அதைவிட முக்கியமா மடங்குற கீல் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு. சிஎல் பாக்கெட் 345 கிராம், படம் ரொம்ப சுத்தம், மடிச்சா இன்னும் கச்சிதம், ஆனா ரெண்டு கீல். ரெண்டு கீல் இருந்தா பையில இருந்து எடுத்து விரிக்கும்போது ரெண்டு பக்கத்தையும் நம்ம கண்ணு அகலத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணணும், பறவை பாக்குறவங்களுக்கு அது பெரிய விஷயம் இல்ல, வேட்டையில அந்த நாலு செகண்ட்ல மிருகம் தலையைத் தூக்கி நம்மளைப் பாத்துடும். அவ்வளவு செலவு பண்ண முடியாதுன்னா ஸைஸ் டெர்ரா ஈடி பாக்கெட் 8×25 இருக்கு, 310 கிராம், 119 மீட்டர், பகல் நடைக்கு நியாயமான கண்ணாடி. லைக்கா அல்ட்ராவிட் 8×20 இதுங்களைவிட சின்னது, செஞ்சிருக்கிற விதம் கண்ணுல ஒத்திக்கலாம், ஆனா 20-ஐ 8-ஆல வகுத்துப் பாருங்க, 2.5, நாம வேண்டாம்னு சொன்ன இடத்துக்கே திரும்ப வந்துட்டோம்.

25 மிமீ எல்லாத்துக்கும் பொதுவா ஒரு குறை, கண்ணை வைக்கிற இடம். ஒளிவட்டம் 3 மிமீ, நம்ம பாப்பாவும் 3 மிமீ, ரெண்டும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும், கொஞ்சம் நகந்தா படம் கருத்துடும். நிதானமா உக்காந்து பாத்தா பழகிடும். ஏறி இறங்கி வேர்வையோட சட்டுனு தூக்கிப் பாக்குறப்ப எரிச்சலா இருக்கும். ஒளிவட்டம் 4 மிமீ இருக்குற 8×32-ல அந்தத் தொல்லை பாதிக்கு மேல போயிடுது, அது வெளிச்சத்தைவிடப் பெரிய நிம்மதின்னு கூட சொல்வேன்.

ரிவர்ஸ் போரோன்னு ஒரு வகை உண்டு, முன் லென்ஸ் ரெண்டும் நெருக்கமா, ஐபீஸ் அகலமா இருக்கும். பிரிசம்ங்கிறது உள்ள இருந்து தலைகீழ் படத்தை நேராக்குற கண்ணாடிக் கட்டி. போரோ வகை பிரிசத்துக்குப் பிரதிபலிப்புப் பூச்சு தேவையில்ல, ஒளி உள்ளுக்குள்ளயே முழுசா திரும்பிடும், அதனால கம்மி காசுக்கு நல்ல படம் கிடைக்கும். ஆனா இந்த வகையில பலதுல தண்ணி, தூசிக்கு சரியான தடுப்பு கிடையாது. வேட்டைக்கு நான் எடுக்க மாட்டேன்.

குழல் நேரா இருக்குற ரூஃப் பிரிசம் வகை வாங்கும்போது ஃபேஸ் கோட்டிங் (பிரிசத்துக்குள்ள ஒளி அலைங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போக வைக்கிற பூச்சு) இருக்கான்னு கட்டாயம் பாருங்க. ஸைஸ் 1988-ல கொண்டு வந்தாங்க, அது இல்லாத ரூஃப் பிரிசத்துல முடி, புல்லு மாதிரி நுணுக்கமான விவரம் மழுங்கிப் போகும். பிரிசத்துல இருக்குற பிரதிபலிப்புப் பூச்சு டைஎலெக்ட்ரிக்கா (உலோகம் இல்லாத பல அடுக்குப் பூச்சு) இருந்தா 99 சதவீதத்துக்கு மேல ஒளியைத் திருப்பும், அலுமினியம்னா சுமார் 90தான். லென்ஸ்ல 'ஃபுல்லி மல்டிகோட்டட்'னு போட்டிருக்கணும், வெறும் 'கோட்டட்' பத்தாது. பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் தின்னும், பத்து பரப்பு தாண்டுறதுக்குள்ள மூணுல ஒரு பங்கு காலி. சின்ன லென்ஸுக்கு ஏற்கனவே வெளிச்சம் கம்மி, அதுலயும் இழக்கக் கூடாது.

இப்ப 30, 32. நிக்கான் மோனார்க் எம்7 8×30 சுமார் 465 கிராம், 145 மீட்டர் பரப்பு, அந்த எடைக்கு அது பெரிய அகலம். ஸ்வரோவ்ஸ்கி சிஎல் கம்பேனியன் 8×30 490 கிராம், 132 மீட்டர், பரப்பு கம்மி ஆனா கையில பிடிக்கிற சுகமும் கண்ணு உக்கார்ற விதமும் அருமை. கோவா பிடி2 எக்ஸ்டி 8×32 அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டும், பரப்பு 154 மீட்டர், அடர்ந்த காட்டுக்குள்ள கிட்டத்துல நிக்கிறதைப் பாக்குறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஸைஸ் காங்க்வெஸ்ட் ஹெச்டி 8×32 630 கிராம், 140 மீட்டர், கெட்டியான உடம்பு, மழையோ சேறோ கவலைப்படாம எடுத்துட்டுப் போகலாம், ஆனா எடைக்காகத்தான் சின்னது வாங்குறோம்னா இது எல்லைக் கோட்டுல நிக்குது. நாலுல ஒண்ணுன்னா, காசு இருந்தா கம்பேனியன், இல்லன்னா மோனார்க். இவ்வளவு அகலமா காட்டுற சின்ன கண்ணாடி பலதுல தாழ்ந்த சூரியன் பக்கமா திருப்பினா படத்து மேல வெள்ளையா ஒரு புகை மாதிரி படரும், அதை அந்தி நேரத்துலதான் சோதிக்க முடியும்.

10×32-ஐயும் கேப்பீங்க. எக்ஸிட் பியூபில் 3.2, அதாவது 8×25 மாதிரிதான். மரமே இல்லாத மலைச்சரிவு, தூரமா பாக்கணும், முழங்கையை ஊன ஒரு பாறையோ குச்சியோ இருக்குன்னா சரி. காட்டுக்குள்ள வேண்டாம்.

42 மிமீ 700-ல இருந்து 850 கிராம் வரும். மரத்து மேல பரண்ல உக்காந்து காத்திருக்குற வேட்டைன்னா சின்னதையே நினைக்காதீங்க, அங்க எடை ஒரு பொருட்டே இல்ல, 8×42 எடுங்க. நடக்குறவங்களுக்குத்தான் இந்த 250, 300 கிராம் பேச்சு. அதுலயும் பாதி வலி கண்ணாடியால இல்ல, கழுத்துப் பட்டையால. ரெண்டு தோள்லயும் ஏறி முதுகுல குறுக்கா போற ஹார்னஸ் போட்டா 600 கிராம் நெஞ்சோட ஒட்டி ஆடாம நிக்கும், குனிஞ்சு தவழும்போது பாறையில இடிக்காது.

பவர் கண்ணாடி போடுறவங்க ஐ ரிலீஃப் (முழுப் படமும் தெரிய ஐபீஸ்ல இருந்து கண்ணு இருக்கலாம்ங்கிற தூரம்) 15, 16 மிமீக்குக் கீழ இருந்தா வாங்காதீங்க, ஐபீஸைச் சுத்தி இருக்குற ஐகப் வளையத்தை முழுசா இறக்கிட்டுப் பாத்தா படத்தோட ஓரம் வரைக்கும் தெரியணும். நைட்ரஜனோ ஆர்கானோ ரொப்பினதா இருக்கட்டும், வண்டி சூட்டுல இருந்து குளிர்ல இறங்கினா உள்பக்கம் பனி மூடாது. வெளிப்பக்கம் மூடத்தான் செய்யும், அதுக்கு ஒரு சுத்தமான துணி.

இதை சொல்லாம விட முடியல: சிலர் "துப்பாக்கியில ஸ்கோப் இருக்கே, அதுலயே பாத்துக்கலாம், எதுக்கு தனியா பைனாகுலர் சுமக்கணும்"னு கேக்குறாங்க. ஸ்கோப் போற பக்கம் குழலும் போகும். புதருக்குள்ள அசையறது மானா, சக வேட்டைக்காரரா, விறகு பொறுக்க வந்தவரான்னு தெரியாத நேரத்துல அவங்களை நோக்கி துப்பாக்கியை நீட்டிட்டு இருப்பீங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. கையில இருக்குறது மோசமான 8×25-ஆ இருந்தாலும் அதுல பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி முடிஞ்சா பொழுது சாயுறப்ப ரெண்டு கண்ணாடியைக் கையில வெச்சுக்கிட்டு வெட்டவெளியை இல்ல, ஒரு மரத்தடி நிழலுக்குள்ள இருக்குற வேரைப் பாருங்க. எதுல வேர் முதல்ல மறையுதுன்னு பாருங்க. அஞ்சு நிமிஷம் பாத்து நெத்தி வலிச்சா ரெண்டு குழலும் ஒரே கோட்டுல இல்லன்னு அர்த்தம், அந்தப் பீஸை எடுக்காதீங்க. கையுறை போட்டு ஃபோகஸ் வீலைத் திருப்பிப் பாருங்க, சின்ன பைனாகுலர்ல வீலும் சின்னதா இருக்கும். ரெண்டு கண்ணோட பார்வை வித்தியாசத்தை சரி பண்ற டயாப்டர் வளையம் பையில உரசி தானா திரும்புதான்னும் பாத்துக்கோங்க, என்னோடது திரும்பிடும், அதனால அந்த இடத்துல ஒரு துண்டு டேப் ஒட்டி வெச்சிருக்கேன்.