பட்டையைக் கொடுத்துப் பச்சிரும்பு வாங்கி வந்தேன்

பழைய வண்டிப் பட்டையைக் கொடுத்துக் கோடாலி அடித்து வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பட்டறையில் இரும்பை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். நான் அப்படித்தான் திரும்பினேன். 1,300 ரூபாயும் மூன்று கிலோவுக்கு மேல் இருந்த நல்ல உருக்கில் பாதியும் போயின. மகன் கால் தப்பியது தெய்வாதீனம்.

அப்பா காலத்து டிராக்டர் டிரெய்லரை எடைக்குப் போட்டபோது, அடியில் அடுக்கடுக்காக இருக்கும் வில் பட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டடி நீளம், நான்கு விரற்கடை அகலம், நடுவில் போல்ட் துளை. டிரெய்லருக்கு அப்பா அடித்த நீலப் பெயின்ட் ஒரு முனையில் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. பாரம் ஏறினால் வளைந்து, இறங்கினால் நிமிர வேண்டும் என்பதற்காகவே செய்த உருக்கு அது. அதில் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் இருக்கும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போடும் பச்சிரும்பில் அதில் பாதிகூட இராது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இரும்பு இறுகுவது அந்தக் கரிமத்தால்தான். அப்படி இறுக்குவதைத்தான் தோய்ச்சல் என்பார்கள். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பட்டையில் அடித்த அரிவாள் நன்றாக வெட்டும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

பட்டறையைக் கைபேசியில்தான் பார்த்தேன். நெருப்பு நிறத்தில் ஒரு பட்டை, இருவர் மாறி மாறிச் சம்மட்டி அடிக்க, பொறி தெறிக்கும் காணொளி. எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், நான்குவழிச் சாலை ஓரம். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பலகை மாட்டிக்கொள்வார்கள். வாசலில் வரிசையாக அரிவாள்கள் தொங்கின. எல்லாம் திருப்பாச்சேத்தி என்றார்கள். சாலையோரத்தில் தொங்கும் எந்த அரிவாளைத்தான் அப்படிச் சொல்லாமல் இருக்கிறார்கள்?

முதலாளிக்கு முப்பது வயது இருக்கும். வாய் நிறைய “அண்ணே”. பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அருமையான இரும்பு அண்ணே, இந்தக் காலத்தில் கிடைக்காது” என்றார். இப்போது நினைத்தால் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. கைக்கோடாலி, கருவேலங்காம்பு, எல்லாம் சேர்த்து 1,800, முன்பணம் 1,000. கிளம்பும்போது, “தண்டவாளத் துண்டு ஒன்று இருக்கிறது, அதில் இன்னொன்று அடித்துத் தரட்டுமா?” என்று கேட்டார். அங்கேயே நான் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைக் கூசாமல் விலை பேசுகிறவர் என் பட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார் என்று எப்படி நம்பினேனோ!

ஒரு வாரம் கழித்துப் போனேன். கோடாலி பளபளவென்று இருந்தது. உடல் முழுக்கக் கறுப்புப் பெயின்ட், வாய் மட்டும் கிரைண்டரில் தீட்டி வெள்ளியாக மின்னியது. சந்தேகம் வரக் கூடாது என்று ஒரு காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டியது. கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார், கணீரென்றது. தலையாட்டிவிட்டு மீதி 800 ரூபாயைக் கொடுத்தேன். காந்தம் பச்சிரும்பிலும் ஒட்டும், உருக்கிலும் ஒட்டும். தொங்கவிட்டுத் தட்டினால் பள்ளிக்கூடத்து மணியாகக் கட்டும் தண்டவாளத் துண்டும் கணீரென்றுதான் சொல்லும். இரண்டும் சோதனையே அல்ல, வித்தை.

வீட்டில் காய்ந்த புளியங்கட்டை கிடந்தது. புளி லேசில் பிளக்காது என்பது விறகு வெட்டியவர்களுக்குத் தெரியும். ஏழெட்டு வெட்டுதான் போட்டிருப்பேன், வாய் ஒரு பக்கமாக மடங்கிவிட்டது. உடைந்திருந்தால்கூடத் தோய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று ஆறியிருப்பேன். இது டப்பா மூடியைக் கத்தியால் நெம்பினால் விளிம்பு சுருளுமே, அப்படிச் சுருண்டிருந்தது. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, தீட்டி, மறுபடி வெட்டினேன். மறுபடி சுருண்டது. மூன்றாம் நாள் ஓங்கியபோது தலை காம்பைவிட்டுக் கழன்று பறந்தது. சிராய் பொறுக்கிக்கொண்டிருந்த மகனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தியது. காம்பின் தலையில் ஆப்பு இல்லை. துணிக் கிழிசலைச் சுற்றி இரண்டு ஆணி அடித்திருந்தார்கள். கருவேலம் என்றதும் பொய். தைல மரம்.

பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் மட்டும் உலை மூட்டுகிறார். கோடாலியை அவரிடம் கொண்டுபோனேன். முதலில் அவர் ஒன்றும் பேசவில்லை. ஓர் அரத்தை எடுத்து வாயில் ஒரு இழுப்பு இழுத்தார். தூள் உதிர்ந்தது. “தோய்ச்சல் ஏறிய வாயில் அரம் லேசில் கடிக்காது தம்பி, வழுக்கப் பார்க்கும். இது வெண்ணெயாக இருக்கிறது” என்றார். பிறகு சாணைக்கல்லில் வைத்தார். நீளநீளமாக மஞ்சள் கோடுகள் பறந்தன. தொடர்ந்து தன் பழைய அரிவாள் ஒன்றை அதே கல்லில் தொட்டுக் காட்டினார். கோடுகள் குட்டையாகி, நுனியில் மத்தாப்பு போலப் பூப்பூவாக வெடித்தன. கரிமம் இருந்தால் பூ வரும், இல்லாவிட்டால் வெறும் கோடு. இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் அதோடு விடவில்லை. பெயின்டைச் சுரண்டினார். கறுப்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பெயர்ந்தது. கார் ஒடுக்கெடுக்கும்போது பூசும் பட்டி! அதற்கும் அடியில் வெல்டிங் தழும்பு. காம்பு நுழையும் துளை என்று நான் நினைத்தது ஒரு குழாய்த் துண்டு. அதன் இரு பக்கமும் கேட் பட்டைகளை ஒட்டி, முன்பக்கம் சேர்த்துப் பற்றவைத்து, இடுக்கைப் பட்டியால் அடைத்திருந்தார்கள். அந்தக் கோடாலி உலையையே பார்த்ததில்லை. காணொளியில் சிவந்து கிடந்த பட்டை யாருடையதோ.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். உடம்புக்குப் பச்சிரும்பு போட்டு, வாய்க்கு மட்டும் உருக்கு வைத்து, வெள்ளைச் சூட்டில் இரண்டையும் சேர்த்து அடிப்பது பழைய முறை, நல்ல முறையும்கூட. அப்படிச் செய்தேன் என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தால் எனக்குக் குறையே இல்லை. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பதும் உண்டு. உன் பட்டை விரிந்துவிட்டது என்று எடுத்துக் காட்டியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

திரும்பிப் போய்க் கேட்டேன். “நீங்கள் கொடுத்த பட்டைதான் அண்ணே. தோய்ச்சல் கொஞ்சம் இறங்கிவிட்டது, மறுபடி போட்டுத் தருகிறேன்” என்றார். பச்சிரும்பைக் காய்ச்சிக் காய்ச்சிக் காவிரியிலேயே முக்கினாலும் அந்தக் கூர் ஏறாது. குழாயைக் காட்டினேன். “வேலையாள் தப்புப் பண்ணியிருப்பான்” என்று பேச்சு மாறியது. ரசீது கேட்டிருக்கிறேனா என்றால் அதுவும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் நண்பர் ஒருவர். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் எதைக் காட்டுவது?

அப்போதுதான் பெஞ்சுக்கு அடியில் அது கண்ணில் பட்டது. ஒன்றரைச் சாண் நீளத்தில் வெட்டிய பட்டைத் துண்டு, முனையில் நீலத் திட்டு. பாதித் துளையோடு அறுபட்டிருந்தது. மறுபாதி யார் வீட்டு அரிவாளாகப் போயிற்றோ! குனிந்து எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, அது யாருடையது என்று கேட்கவும் இல்லை. கல்லாவிலிருந்து 500 ரூபாயை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது என்கிறாள் என் மனைவி.

இதைப் படித்துவிட்டுப் பட்டை கொடுக்கப் போகிறவர்கள் முதலில் எடை போட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சும் துண்டும் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உளியால் இரண்டு மூன்று இடத்தில் அடையாளம் வெட்டிப் படம் எடுங்கள். தோய்ச்சல் போடும் நாளில் கூடவே உட்காருங்கள், அரைமணி நேர வேலைதான். பழுத்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் சூடு தாண்டியதும் வாயை எண்ணெயில் முக்குவார்கள். பிறகு தேய்த்து வெளுப்பாக்கி மெல்லச் சூடு காட்டும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடுவதை நீங்களே பார்க்கலாம். முன்பணம் மட்டும் கொடுங்கள். பெயின்ட் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓர் அரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய், மீதிப் பணத்தை எடுப்பதற்கு முன்னால் வாயில் ஒரு இழுப்பு இழுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற பட்டறைக்காரர் எப்படிப்பட்டவர் என்பது அந்தச் சுளிப்பிலேயே தெரிந்துவிடும்.

நீலத் திட்டுத் துண்டைப் பெரியவரிடம் கொடுத்திருக்கிறேன். சின்னதாக ஒரு கைக்கோடாலிக்குப் போதும் என்றார். கரி வந்து இறங்கியதும் சொல்லி அனுப்புவாராம். துருத்தி சுற்ற ஆள் இல்லை என்று இழுத்தார். நானே வந்து சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.