வெள்ளை சாக்லேட் மிட்டாய்: அசலா, காம்பவுண்டா?

உலர்பழமும் பருப்புகளும் தூவிய பண்டிகை மிட்டாய்க்கு அசல் வெள்ளை சாக்லேட் எடுத்தால் அதில் குறைந்தது 20 சதவீதம் கோகோ வெண்ணெய் இருக்கும். நாக்கில் பட்டதும் உருகும். ஆனால் பிடிவாதக்காரப் பொருள்: 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் உருக்கி, 27-க்கு ஆறவைத்து, மீண்டும் 29-க்குச் சூடாக்க வேண்டும். தவறினால் பளபளப்பும் வராது, உடைக்கையில் ‘டக்’ என்ற ஓசையும் வராது.

காம்பவுண்ட் என்பது சாக்லேட்டுக்கு மாற்றாக விற்கும் கட்டி; அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக இருப்பது வேறு தாவரக் கொழுப்பு. உருக்கி ஊற்றினால் தானே இறுகிவிடும். சற்றே மெழுகுச் சுவை. சிறுவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அன்பளிப்புக்கு என்றால் நான் அசலைத்தான் எடுப்பேன்.

இரண்டுமே திகட்டும். புளிப்பான கிரான்பெர்ரியும் வறுத்த உப்புப் பிஸ்தாவும் அதைத் தணிக்கும். கிண்ணத்தில் ஈரம் மட்டும் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உருகியது கட்டிதட்டிவிடும்.