வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர்: பழைய ரேஸ் காருக்கு வாங்கலாமா?

1960களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தச் செலவில் ரேஸுக்குத் தயார் செய்யும் சிறு குழுவுக்கு, இன்ஜின் வேலை முடிந்த கையோடு வரும் கேள்வி கார்புரேட்டர். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் வெபர் 45 டிசிஓஇ வாங்குங்கள். ஆனால் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டினால் எந்த இன்ஜினும் ஒழுங்காக ஓடாது. இதைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை, பெட்ரோலை அளந்துவிடும் குட்டித் துளையான ஜெட்டால் வருபவை அல்ல. மாட்டிய விதத்தாலும் பெட்ரோல் பிரஷராலும் வருபவை.

இது பக்கவாட்டில் மாட்டும் இரட்டைக் குழல் கார்புரேட்டர். 45 என்பது, பெடலை அழுத்தினால் திறக்கும் திராட்டில் தட்டு உட்காரும் குழலின் விட்டம், மில்லிமீட்டரில். ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஜிடிஏ-யில் இரண்டு, ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வான்டேஜில் மூன்று என்று அந்தக் காலத்து வேகக் கார்கள் பலவற்றில் இதுதான் இருந்தது. லோட்டஸ் எலானில் இதன் தம்பியான 40 இரண்டு. எம்ஜிபி-யை ரேஸ் ஓட்டுபவர்கள், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டை வளைந்ததாகப் போட்டு அதில் ஒற்றை 45 மாட்டுவார்கள்.

சிறு குழுவுக்கு இதன் அருமை மேல் மூடியில் இருக்கிறது. பட்டாம்பூச்சி நட்டைக் கையால் கழற்றி வட்ட மூடியை எடுத்தால் மெயின் ஜெட், காற்றை அளக்கும் ஏர் ஜெட், இரண்டையும் கலக்கும் எமல்ஷன் டியூப், ஐடில் ஜெட் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கார்புரேட்டரை இறக்காமலேயே பிராக்டீஸுக்கும் தகுதிச் சுற்றுக்கும் இடையில் முழு செட்டையும் மாற்றிவிடலாம். அந்தக் காலத்து இன்னொரு கார்புரேட்டரான எஸ்யூ-வில் பாகங்கள் குறைவு, பராமரிப்பு எளிது, தெருவில் ஓட்டவும் அதுதான் சுகம். ஆனால் அதில் முழு ரேஞ்சையும் ஒரே நீடில் (கூம்பு ஊசி) தீர்மானிக்கிறது. நடு ரேஞ்சில் மட்டும் கொஞ்சம் மாற்ற நினைத்தாலும் வேறு நீடில் தேட வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதைத் தேய்க்க வேண்டும். வெபரில் ஐட்லிங், நடு ரேஞ்ச், உச்ச ஆர்பிஎம், பெடலை அழுத்தும் கணம் நான்கையும் பெரும்பாலும் தனித்தனியாகச் சரிசெய்ய முடிகிறது.

வாங்கும் முன் போட்டி விதியைப் பாருங்கள். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ-வின் அப்பெண்டிக்ஸ் கே விதிப்படி நடக்கும் ஹிஸ்டாரிக் ரேஸ்களில், கார் தன் காலத்து ஸ்பெசிஃபிகேஷனில்தான் இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு அங்கீகரித்த பாகங்களைச் சொல்லும் ஹோமலகேஷன் தாளில் இந்தக் கார்புரேட்டர் இல்லையென்றால், எவ்வளவு நன்றாக டியூன் செய்தும் பயனில்லை.

பழையது வாங்குவதில் தவறில்லை, பார்த்து வாங்கினால். திராட்டிலை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு தட்டுகளின் ஓரத்திலும் ஒரே அளவு ஒளிக்கீற்று தெரிய வேண்டும். ஒன்று மூடி மற்றொன்று திறந்திருந்தால், தட்டுகளைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து ஐட்லிங் எப்போதும் சேராது. ஸ்பிண்டில் பால் பேரிங்கில் சுற்றுவதால் எஸ்யூ போலப் புஷ் தேய்ந்து காற்று வாங்கும் தொல்லை குறைவுதான், ஆனாலும் ஆட்டிப் பாருங்கள். ஐட்லிங் கலவையை அளவுபடுத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றி அதன் கூர்முனையைப் பாருங்கள். அதில் வளையம் போல் தடம் விழுந்திருந்தால் யாரோ அடிமட்டம் வரை இறுக்கியிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் துளையும் கெட்டிருக்கும். திராட்டில் தட்டைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூக்களின் வால் தட்டி மடக்கப்பட்டிருக்க வேண்டும். அவிழ்ந்தால் அவை போய்ச் சேருமிடம் சிலிண்டர்.

அடுத்தது சோக், அதாவது உள்ளே செருகும் வென்சுரி. இங்கேதான் ஆசை அறிவை மிஞ்சும். 45 மி.மீ. குழல் இருக்கிறதே என்று 40 சோக் போடுபவர்கள் உண்டு. காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலை உறிஞ்சும் இழுவிசை போய், நடு ரேஞ்சில் இன்ஜின் தூங்கிவிடும். சிலிண்டருக்கு ஒரு குழல் என்ற அமைப்பில், 6,500 ஆர்பிஎம் வரை சுற்றும் 1,600 சிசி இன்ஜினுக்கு 34 நல்ல தொடக்கம். 2,000 சிசி-க்கு 36 அல்லது 38. இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் சின்னதை எடுங்கள். நேர்ச்சாலை முடிவில் விட்டுக்கொடுப்பதைவிட வளைவிலிருந்து வெளிவரும்போது பெறுவது அதிகம்.

சோக் முடிவானால் ஜெட் கணக்கு எளிது. சோக் அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட். 36 சோக்குக்கு 144 வரும், எனவே 145. அதாவது 1.45 மி.மீ. துளை. அதோடு 50 கூட்டினால் ஏர் ஜெட், 195. எமல்ஷன் டியூப் எஃப்16 என்ற வகையில் தொடங்கலாம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. எம்ஜிபி-யின் பி-சீரிஸ் இன்ஜினின் தலையில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு இன்லெட் என்பதால் ஒவ்வொரு குழலும் இரண்டு சிலிண்டருக்கு ஊட்டுகிறது. அங்கே இந்தப் பெருக்கல் செல்லாது, மெயின் ஜெட் 160-ஐ ஒட்டித் தொடங்க வேண்டியிருக்கும்.

இப்போது மாட்டுவது. நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு நேராகக் கார்புரேட்டருக்கு ஏறினால், பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறையில் அது நுரைக்கும். நுரையை ஜெட் அளக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் மிஸ் ஆகிறது (விட்டுவிட்டு எரிகிறது), அதைத் தாண்டினால் சரியாகிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஓ-ரிங் பதித்த தகடு, ஸ்டட்டில் தாக்கரே எனப்படும் இரட்டைச் சுருள் ஸ்ப்ரிங் வாஷர், அதன்மேல் நைலாக் நட். நட்டை முறுக்கி நசுக்கக் கூடாது. சுருள்களுக்கு நடுவே ஒரு மி.மீ. அளவு இடைவெளி நிற்க வேண்டும்; ஃபீலர் கேஜ் செருகிப் பாருங்கள். கையால் கார்புரேட்டரைப் பிடித்து அசைத்தால் லேசாகக் கொடுக்கும். அது தளர்வு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். பழக்கமில்லாத ஒருவர் ரேஸ் காலையில் அதைப் பார்த்துப் பயந்து இறுக்கிவிடுவது அடிக்கடி நடப்பதால், பக்கத்தில் ஒரு குறிப்பு ஒட்டி வைப்பது நல்லது. ஓ-ரிங் வெடித்திருந்தால் காற்று உள்ளே புகுந்து அந்தச் சிலிண்டர் மட்டும் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, எரியும். ஐட்லிங்கில் அந்த இணைப்பின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் இன்ஜின் சத்தம் மாறும். அங்கேதான் லீக்.

பெட்ரோல் பிரஷர் 3 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.2 பார். அதற்கு மேல் வேண்டாம். ரேஸுக்கென்று விற்கும் எலெக்ட்ரிக் பம்புகள் பல இதைவிட அதிகமாகத் தள்ளும். ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வ் தாக்குப்பிடிக்காமல் லெவல் ஏறி, பெட்ரோல் உள் வென்சுரியின் மூக்கிலிருந்து சொட்டத் தொடங்கும். சொட்டும் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி, அடியில் ஆயில் தங்கும் சம்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கிறதா? ஆயிலை மாற்றாமல் இன்னொரு சுற்று ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். பம்புக்குப் பிறகு ரெகுலேட்டர், அதற்குப் பிறகு ஒரு கேஜ் கட்டாயம். ரெகுலேட்டரின் மேல் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள், இன்ஜின் ஓடும்போது கேஜ் காட்டுவதை நம்புங்கள். பிரஷரைக் குறைத்தால் நேர்ச்சாலையில் பெட்ரோல் போதாமல் போகும் என்ற பயம் வீண். போதாமைக்குக் காரணம் ஒடுங்கிய ஹோஸ் அல்லது அடைத்த ஃபில்டர். 8 மி.மீ. உள்விட்டம் உள்ள ஹோஸ் போடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் இடத்தில் ஒரு சின்ன வலை ஃபில்டர் ஒளிந்திருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதையும் எடுத்துக் கழுவ வேண்டும்.

பிரஷர் சரியானதும், பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையான ஃப்ளோட். பித்தளை ஃப்ளோட் என்றால் மூடியைக் கழற்றி, காஸ்கெட் வைத்தபடியே செங்குத்தாகப் பிடியுங்கள். ஃப்ளோட்டின் நாக்கு நீடில் வால்வின் குட்டிக் குண்டைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அந்த நிலையில் காஸ்கெட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையே 8.5 மி.மீ. 8.5 டிரில் பிட்டின் வழவழப்பான அடித்தண்டைச் செருகிப் பார்ப்பதே சுலபம். ஃப்ளோட்டை முழுக்க இறக்கினால் 15 மி.மீ. பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு இந்த எண்கள் பொருந்தாது, அதனுடன் வரும் தாளில் உள்ளதைப் பின்பற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் ஆடும் சத்தம் கேட்டால் ஓட்டை. நீண்ட வளைவில் மட்டும் மிஸ் ஆகும் காரில் ஜெட் பெட்டியைத் திறக்கும் முன் இந்த அளவைத்தான் பார்க்க வேண்டும்.

ஐட்லிங் வைப்பதற்கு முன் டேப்பெட், டைமிங், பிளக், கம்ப்ரெஷன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடில் ஸ்பீட் ஸ்க்ரூ தொட்ட இடத்திலிருந்து அரைச் சுற்று உள்ளே. மிக்ஸர் ஸ்க்ரூவை விரலால் மெதுவாக அடி வரை கொண்டுபோய், பழைய தடித்த மரை என்றால் ஒன்றரைச் சுற்று, புதிய நுண்மரை என்றால் இரண்டரைச் சுற்று வெளியே. இரட்டைக் கார்புரேட்டர் என்றால் லிங்க்கைக் கழற்றிவிட்டு, ஏர்ஃப்ளோ மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்து இழுவையைச் சமப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு மிக்ஸர் ஸ்க்ரூவையும் தனித்தனியாக, இன்ஜின் தடுமாறும் வரை உள்ளே, பின் சீராகும் வரை வெளியே. ரேஸ் கேம் இருந்தால் 1,100 ஆர்பிஎம் வரை ஐட்லிங் வைப்பதில் தப்பில்லை.

மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகியும் இன்ஜின் கேட்கவே இல்லையென்றால், ஸ்பீட் ஸ்க்ரூ அதிகம் உள்ளே போயிருக்கிறது. ஐட்லிங்கிலிருந்து வேகம் எடுக்கும்போது பெட்ரோல் தரும் புரொக்ரெஷன் துளைகளில் முதலாவதைத் தாண்டித் திராட்டில் தட்டு திறந்து, பெட்ரோல் அந்த வழியாகவே போகிறது. ஸ்பீடைக் குறைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

ஐடில் ஜெட் ஐட்லிங்குக்கு மட்டும் என்று பெயர் ஏமாற்றும். மெயின் ஜெட் கையிலெடுக்கும் 3,000 ஆர்பிஎம் வரை காரை இழுப்பது இதுதான். பிட் பாதையில் தள்ளாடும் காருக்கு மெயின் ஜெட் மாற்றிப் பயனில்லை. துளை மிகச் சிறியது, 50 எஃப்8 என்றால் 0.50 மி.மீ. (எஃப் எண் அதன் காற்றுத் துளையைக் குறிப்பது). ஒரு தூசு போதும், ஒரு சிலிண்டர் செத்துவிடும். ஐட்லிங்கில் மிஸ், உச்சத்தில் சுத்தம் என்றால் ஐடில் ஜெட்டை எடுத்து ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

ட்ராக்கில் ஜெட் பார்க்கும்போது ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். மெயின் ஜெட் முழு ரேஞ்சையும் நகர்த்தும். ஏர் ஜெட் உச்ச ஆர்பிஎம்மில் அதிகம் பேசும். ஏர் ஜெட்டை 20 கூட்டுவது மேலே மெயினை 5 குறைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். காற்று வாய் வழியே பின்னால் துப்பினால் லீன். சைலன்சரில் கனத்த, சீரான தட்டல் சத்தம் கேட்டால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் லாம்டா சென்சர் தற்காலிகமாகப் பொருத்த முடிந்தால் முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதத்தை 12.5-க்கும் 13-க்கும் இடையே வையுங்கள். குழுவில் ஒருவரின் வேலை எழுதுவது மட்டுமாக இருக்கட்டும்: வெப்பநிலை, சோக், நான்கு ஜெட்டுகள், பிளக் நிறம். வெயில் ஏறினாலும் உயரமான இடத்துக்குப் போனாலும் கார் ரிச்சாகும். அந்த நோட்டுதான் அப்போது வழிகாட்டும்.

குறைகள் உண்டு. விலை அதிகம், ஜெட்டும் சோக்கும் சேர்த்தால் இன்னும் ஏறும். பெட்ரோல் நிறையக் குடிக்கும். பி-சீரிஸ் போல இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் உள்ள இன்ஜினில் சூடு நேராக ஃப்ளோட் அறையைத் தாக்கும். சுற்று முடிந்து பத்து நிமிடம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். நடுவே ஹீட் ஷீல்டு இல்லாமல் ஓட்டக் கூடாது, இது தீ சம்பந்தப்பட்ட விஷயம். காற்று வாயின் எதிரே அதன் விட்டம் அளவுக்காவது காலி இடம் வேண்டும், பல கார்களில் அதற்கு இடமே இராது. வாரநாளில் கடைக்குப் போய்வரும் காருக்கு இதை மாட்டாதீர்கள், எஸ்யூ-வே போதும்.

பிட் பெட்டியில் வைக்க வேண்டியவை: கணக்கில் வந்த மெயின் ஜெட்டுக்கு மேலும் கீழும் 5 படியாக மும்மூன்று சைஸ், ஏர் ஜெட்டில் அதே போல 20 படியாக, எஃப்8, எஃப்9 இரண்டிலும் ஐடில் ஜெட் ஒரு செட், நீடில் வால்வ் ஒன்று, மூடி காஸ்கெட் இரண்டு, ஓ-ரிங் ஒரு செட், திராட்டில் ரிட்டர்ன் ஸ்ப்ரிங் இரண்டு. சீசன் முடிந்தால் ஃப்ளோட் அறையைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் உள்ளே வெள்ளைப் பொடி படியும், அடுத்த சீசனின் முதல் பிராக்டீஸில் அது ஐடில் ஜெட்டில் போய் உட்காரும்.