நண்பரா, நிபுணரா, போட்டியாளரா: அமெரிக்க அதிபர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்?

1980 நவம்பரில், ரொனால்ட் ரேகன் தேர்தலில் வென்ற அதே மாதம், இரண்டு பேர் ஒற்றைத் தாளில் வெள்ளை மாளிகையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் எட்வின் மீஸ். ரேகன் கலிபோர்னியா ஆளுநராக இருந்த நாளிலிருந்தே உடனிருந்தவர். மற்றவர் ஜேம்ஸ் பேக்கர். 1976-ல் ரேகனுக்கு எதிராக அப்போதைய அதிபர் ஃபோர்டு பக்கம் நின்றவர். 1980 உட்கட்சிப் போட்டியிலும் ரேகனை எதிர்த்த ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்தியவர். தாளில் மீஸுக்கு அமைச்சர் அந்தஸ்து, கொள்கை வகுப்பு, அமைச்சரவையை ஒருங்கிணைக்கும் வேலை. பேக்கருக்கு அதிபரின் மேசைக்குப் போகும் காகிதங்கள், மாளிகை ஊழியர்கள், பத்திரிகைத் தொடர்பு, அப்புறம் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' (வெள்ளை மாளிகையின் தலைமை நிர்வாகி) பதவி, அவர் வழக்கமாக உட்காரும் அறை.

மேலோட்டமாகப் பார்த்தால் மீஸுக்குத்தான் பெரிய பங்கு. ஆனால் அதிபர் எதைப் படிக்கிறார், யாரைச் சந்திக்கிறார் என்பது பேக்கர் கைக்குப் போய்விட்டது. 1981 வரிக் குறைப்பையும், 1983-ல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைச் சீர்செய்த சமரசத்தையும் காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) கரைசேர்த்ததில் பேக்கரின் கை பெரியது. பழைய நண்பரிடம் பட்டம் இருந்தது, எதிர்முகாமில் இருந்து வந்தவரிடம் சாவி இருந்தது.

ஒவ்வொரு புது அதிபர் வரும்போதும் 'விசுவாசிகளை வைப்பாரா, திறமைசாலிகளை வைப்பாரா' என்றுதான் விவாதம் நடக்கிறது. இந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. ஒரு அதிபர் நியமிக்கும் பதவிகள் ஏறக்குறைய 4,000. அதில் 1,200-க்கும் மேற்பட்டவற்றுக்கு செனட் ஒப்புதல் வேண்டும். இவ்வளவு பேரில் எல்லா வகையும் கலந்துதான் இருக்கும். அதனால் ஒப்பிடுவதென்றால் அதிபரை மாற்றாமல் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். அல்லது நாற்காலியை மாற்றாமல் அதில் உட்காருபவரை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எது எதனால் நடந்தது என்று ஓரளவாவது பிடிபடும்.

ஒரே அதிபர், இரண்டு வாசல்காப்பாளர்கள்

ரேகன் காலத்திலேயே அந்த ஒப்பீடு கையில் கிடைக்கிறது. 1985 தொடக்கத்தில் பேக்கரும் நிதியமைச்சர் டொனால்ட் ரீகனும் நாற்காலி மாற்றிக்கொண்டார்கள். (பெயர் ஒலி நெருங்கியிருக்கிறது, அதிபருக்கு உறவில்லை.) யோசனை அவர்களுடையது. அதிபர் பெரிதாகக் கேள்வி கேட்காமல் தலையசைத்தார். ரீகன் சாதாரண ஆள் இல்லை. மெரில் லிஞ்ச் நிறுவனத்தை நடத்தியவர், கடும் உழைப்பாளி, அதிபரிடம் பற்றுள்ளவர். திறமையும் விசுவாசமும் இரண்டுமே இருந்தன.

ஆனாலும் 1986 நவம்பரில் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிப் படைகளுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். காங்கிரஸ் தடை போட்டிருந்த உதவி அது. விசாரித்த டவர் குழு, வெள்ளை மாளிகையில் ஏற்பட்ட குழப்பத்துக்கு ரீகனையும் வெளிப்படையாகக் குறை சொன்னது. அறிக்கை வந்த மறுநாள், தன் இடத்துக்கு ஹோவர்ட் பேக்கர் (இவர் வேறு பேக்கர், முன்னாள் செனட்டர்) வருகிறார் என்பதைத் தொலைக்காட்சிச் செய்தி மூலம் தெரிந்துகொண்ட ரீகன், ஒரே வரியில் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு வெளியேறினார். நன்றி என்று ஒரு சொல்கூட அதில் இல்லை.

ஜேம்ஸ் பேக்கர் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கான்ட்ராக்களுக்கு வெளியில் பணம் தேடும் பேச்சு அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் 1984 ஜூனில் அதிபர் முன்னிலையில் நடந்த கூட்டத்தின் குறிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. வேறு நாடுகளிடம் பணம் வாங்கினால் அது பதவிநீக்கத்துக்குரிய குற்றமாகிவிடும் என்று பேக்கர் தன்னிடம் சொன்னதாக, வெளியுறவு அமைச்சர் ஷூல்ட்ஸ் அங்கே எடுத்துச் சொல்கிறார். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். 'ஐயா, இது வேண்டாம்' என்கிற குரல் அதிபரின் காதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி பலவீனமாகிவிட்டது.

ஒரே நாற்காலி, இரண்டு நண்பர்கள்

இனி ஃபெமா. கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவைச் சிதைத்தபோது உதவி வரத் தாமதமாகி, இந்த அமைப்பின் பெயரே கெட்டுப்போனது. மறு ஆண்டு கிளின்டன், ஜேம்ஸ் லீ விட்டை அங்கே அனுப்பினார். விட், கிளின்டனின் சொந்த ஆர்கன்சாஸ் ஆள். 'அதிபரின் நண்பருக்குப் பதவி' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடக்கூடிய நியமனம். ஆனால் அவர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் அவசரகாலச் சேவைகளை நடத்தியவர். 1993 மத்திய மேற்கு வெள்ளம், 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், 1995 ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு என்று வரிசையாக வந்த சோதனைகளில் ஃபெமா தலை நிமிர்ந்தது. 1996-ல் அவருக்கு அமைச்சரவை அந்தஸ்தும் கிடைத்தது. அதிபரிடம் நேரடியாகப் பேச முடிந்த நண்பர் என்பது இங்கே பலமாகவே இருந்தது.

அதே நாற்காலியில் 2003 முதல் மைக்கேல் பிரவுன். அப்போதைய அதிபர் இளைய புஷ்ஷின் (1980-ல் போட்டியிட்ட புஷ்ஷின் மகன்) தேர்தல் பிரசார மேலாளர் ஜோ ஆல்பாவின் நண்பர். ஃபெமாவுக்கு வருவதற்கு முன் அரேபியக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் ஆணையராக இருந்தவர். 2005 ஆகஸ்ட் 29-ல் கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்ணீரும் உணவும் இல்லாமல் தவிப்பதைத் தொலைக்காட்சிகள் காட்டிக்கொண்டிருக்க, செப்டம்பர் 1-ஆம் தேதி பிரவுன் நேரலையில், அவர்கள் அங்கே இருப்பது இன்றுதான் அரசுக்குத் தெரியும் என்றார். மறுநாள் அலபாமாவின் மொபீலில் அதிபர் அவரைச் செல்லப்பெயர் சொல்லிப் பாராட்டினார். செப்டம்பர் 12-ல் பிரவுன் விலகினார்.

பிரவுன் ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயம் இல்லை. 2003-ல் ஃபெமாவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் செருகி, அதன் தனி அந்தஸ்தைப் பறித்திருந்தார்கள். மாநில, நகர நிர்வாகங்களும் தடுமாறின. இருந்தாலும் அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. வேலை தெரிந்த நண்பருக்கும் வேலை தெரியாத நண்பருக்கும் உள்ள வித்தியாசம் மொட்டை மாடிகளில் உதவிக்காகக் காத்திருந்தவர்களின் உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. 2006-ல் காங்கிரஸ் சட்டமே போட்டது: ஃபெமா தலைவருக்குப் பேரிடர் மேலாண்மையில் நிரூபிக்கப்பட்ட அறிவும் குறைந்தது ஐந்து ஆண்டு நிர்வாக அனுபவமும் இருக்க வேண்டும். தன் தேர்வு உரிமையை இது சுருக்குகிறது என்று புஷ் அதில் கையெழுத்திடும்போதே குறிப்பு எழுதினார்.

அதிபர் வாரன் ஹார்டிங்கை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1921-ல் அவர் அமைத்த அமைச்சரவையில் வெளியுறவுக்கு சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், வணிகத்துக்கு ஹெர்பர்ட் ஹூவர். இரண்டும் அருமையான தேர்வுகள். அதே அமைச்சரவையில் உள்துறைக்கு ஆல்பர்ட் ஃபால். கடற்படையின் எண்ணெய் இருப்பு நிலங்களைக் குத்தகைக்கு விட்டவர். அந்தத் தொழிலதிபர்களில் ஒருவரிடமிருந்து ஒரு லட்சம் டாலர் ரொக்கம் கறுப்புப் பையில் அவருக்கு வந்தது. கடைசியில் சிறைக்குப் போனார். ஃபால் செனட்டராக இருந்தவர் என்பதால் சக உறுப்பினர்கள் குழு விசாரணை எதுவும் இல்லாமலே ஒப்புதல் தந்திருந்தார்கள். செனட் என்ற வடிகட்டி இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. ஹியூஸ் நடத்திய வாஷிங்டன் கடற்படை மாநாடு இன்று எத்தனை பேருக்கு நினைவில் இருக்கிறது? ஹார்டிங் என்றதும் வாயில் வருவது ஃபாலின் அந்த எண்ணெய்க் குத்தகை, அதாவது டீபாட் டோம் ஊழல்தான். நல்ல நியமனங்கள் பத்து இருந்தாலும் கெட்டது ஒன்று ஆட்சியின் பெயரையே எழுதிவிடுகிறது.

நம் காலத்தில் ட்ரம்பின் இரண்டு தொடக்கங்களும் ஒப்பீட்டுக்கு உரியவை. 2017-ல் வெளியுறவுக்கு எக்சான் மொபீல் தலைவர் டில்லர்சன், பாதுகாப்புக்கு முன்னாள் ஜெனரல் மாட்டிஸ் என்று அவரோடு நெடுநாள் பழக்கம் இல்லாத பெரிய ஆட்கள் வந்தார்கள். டில்லர்சன் நீக்கப்பட்டது ட்விட்டரில் அறிவிக்கப்பட்டது. மாட்டிஸ், தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் அமைச்சரை வைத்துக்கொள்ள அதிபருக்கு உரிமை உண்டு என்று எழுதிவிட்டு 2018 டிசம்பரில் விலகினார். நான்கு ஆண்டில் நான்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃப்கள். 2025 தொடக்க நியமனங்களில் போக்கு தலைகீழானது: பிரசாரத்தை நடத்திய சூசி வைல்ஸ் சீஃப் ஆஃப் ஸ்டாஃப், 2020 பதவிநீக்க விசாரணையில் ட்ரம்ப் தரப்பில் நின்ற பாம் பாண்டி அட்டர்னி ஜெனரல். முதல் முறை உள்ளே இழுபறி அதிகம், வேகம் குறைவு. இரண்டாவது முறை வேகம் கூடியது, தடை சொல்லும் ஆட்கள் குறைந்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது ஏற்பாடுதான் அதிகக் கவலை தருவது. இழுபறி கண்ணுக்குத் தெரியும். யாரும் சொல்லாமல் விட்ட எச்சரிக்கை விளைவு வந்த பிறகுதான் தெரியும்.

எதிரே நின்றவர்களையே அழைப்பது

மூன்றாவது வழியை முழுமையாக நடந்து பார்த்தவர் லிங்கன். 1860-ல் தன்னோடு கட்சி வேட்புமனுவுக்கு மோதிய முக்கியமான மூவரையும் அமைச்சரவையில் உட்காரவைத்தார்: வெளியுறவுக்கு சூவர்ட், நிதிக்கு சேஸ், அட்டர்னி ஜெனரலாக பேட்ஸ். இதை எல்லோரும் பெருந்தன்மைக் கதையாகச் சொல்கிறார்கள். அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1861 ஏப்ரல் 1-ல் சூவர்ட் ஒரு குறிப்பு எழுதி நீட்டினார். அரசுக்குக் கொள்கையே இல்லை, ஸ்பெயினிடமும் பிரான்ஸிடமும் விளக்கம் கேட்டு, திருப்தி இல்லையென்றால் போர் அறிவிக்கலாம், இதை யாராவது முன்னின்று நடத்த வேண்டும் என்று இருந்தது. அந்த யாராவது யார் என்பது புரியாமல் இல்லை. அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் நான்தான் செய்ய வேண்டும் என்று லிங்கன் பதில் எழுதினார். வேறு யாராக இருந்தாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். லிங்கன் அனுப்பவில்லை. அந்த ஜூனிலேயே சூவர்ட் தன் மனைவிக்கு, எங்களில் சிறந்தவர் அதிபர்தான் என்று எழுதினார்.

சேஸ் மாறவில்லை. 1862 டிசம்பரில், உள்நாட்டுப் போரில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் தோல்விக்குப் பிறகு, அமைச்சரவையை யாரும் கலந்தாலோசிப்பதில்லை, எல்லாம் சூவர்ட் ராஜ்ஜியம் என்ற அவருடைய புகார் செனட்டர்கள் வாயில் எதிரொலித்தது. சூவர்ட் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். லிங்கன் செனட்டர்களையும், சூவர்ட் தவிர்த்த அமைச்சர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அமைச்சரவை கலந்து பேசுவதில்லையா என்று அமைச்சர்களிடமே கேட்டார். தனியாகச் சொன்னதைச் சபையில் சொல்ல சேஸுக்கு நா எழவில்லை. மறுநாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி நின்றார். லிங்கன் தன் நீளமான கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த கடற்படை அமைச்சர் வெல்ஸ் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூசணி இருக்கிறது, இனிக் குதிரையில் நிம்மதியாகப் போகலாம் என்று லிங்கன் ஒரு செனட்டரிடம் சொன்னார். இரு தரப்பின் ராஜினாமாவும் கையில் இருந்ததால் எடை சமமாகிவிட்டது. இரண்டையும் அவர் ஏற்கவில்லை.

அவருடைய தேர்வு எல்லாமே பொன் அல்ல. பென்சில்வேனியாவின் ஆதரவுக்காகப் போர்த்துறைக்கு வைத்த கேமரன், ஒப்பந்த முறைகேடுகளால் பெரும் தலைவலியானார். 1862 ஜனவரியில் அந்த இடத்துக்கு வந்தவர் ஸ்டாண்டன். 1855-ல் சின்சினாட்டி வழக்கு ஒன்றில், தயாராக வந்திருந்த லிங்கனை ஒதுக்கிவைத்து அவமதித்த அதே வழக்கறிஞர். போரை நடத்தும் இயந்திரம் அவர் கையில்தான் ஒழுங்குக்கு வந்தது.

என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்குத்தான். ஆனால் ஒரு கட்டாய நிபந்தனை உண்டு: நாற்காலியில் இருப்பவருக்கு அவமானத்தை விழுங்கும் வயிறும், யாரை எப்போது கழற்றிவிடுவது என்ற கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு தெரியாத அதிபர் போட்டியாளர்களைக் கூட்டினால், தினமும் சண்டை தீர்ப்பதிலேயே ஆட்சி முடிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வேலை தெரிந்த, உண்மை சொல்லத் துணிந்த பழைய நண்பர்தான் மேல்.

1864-ல் சேஸ், லிங்கனுக்கு எதிராகவே அதிபர் வேட்பாளராக முயன்று தோற்றார். ஜூனில் இன்னொரு ராஜினாமா நீட்டினார். இம்முறை லிங்கன் ஏற்றுக்கொண்டார். அதே டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார். 1865 மார்ச் 4-ல் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றபோது, உறுதிமொழி செய்துவைத்தவர் சேஸ்.