ஜிப் கோப்பு இறக்க எந்த பிரவுசர்? மூன்றோடும் பழகிய அனுபவம்

சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். ஸ்கேன் செய்த பக்கங்கள், அட்டைப் படங்கள், எழுத்துருக்கள் எல்லாமே ஜிப்பாக, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய கோப்பாகத்தான் வந்து சேரும். வீட்டில் விண்டோஸ், அலுவலகத்தில் மேக். அதனால் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸ்தான். வேகத்துக்காகச் சொல்லவில்லை, அதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் நான் பார்த்ததில்லை. ஜிப் வந்தால் என்ன செய்வது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது, பிறகு மனம் மாறினால் எங்கே போய் மாற்றுவது என்பதும் கண்ணெதிரே இருக்கிறது.

செட்டிங்ஸ், ஜெனரல் பக்கம், கொஞ்சம் கீழே போனால் 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு கோப்பு வகைக்கும் எதிரே சேமிக்கவா, கேட்கவா, எந்த மென்பொருளில் திறக்கவா என்று தேர்வு. 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பு வரை, திறக்கவா சேமிக்கவா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அந்தப் பதிப்பிலிருந்து கேட்காமலே இறக்க ஆரம்பித்துவிடுகிறது. பழைய மாதிரி வேண்டுமென்றால் ஜிப்புக்கு எதிரே 'ஆல்வேஸ் ஆஸ்க்' வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு தளத்தில் கேட்கிறது, இன்னொன்றில் கேட்காமல் இறக்குகிறது என்பார்கள். கோப்பு ஜிப்தான், ஆனால் சர்வர் அதன் மேல் ஒட்டி அனுப்பும் வகைப் பெயர் தளத்துக்குத் தளம் மாறும். ஒருவர் 'அப்ளிகேஷன்/ஜிப்' என்பார், ஒருவர் 'எக்ஸ்-ஜிப்-கம்ப்ரஸ்டு' என்பார், இன்னொருவர் 'ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார். கடைசிப் பெயருக்கு 'ஏதோ ஒரு பைனரி' (எழுத்தாகப் படிக்க முடியாத கோப்பு) என்பதைத் தாண்டி அர்த்தம் இல்லை. ஒரு இடத்தில் வேலை செய்த அமைப்பு இன்னொரு இடத்தில் செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதை எத்தனை தளங்களில் அலட்சியமாக விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

குரோமில் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்தில் 'எங்கே சேமிப்பது என்று ஒவ்வொரு முறையும் கேள்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். 'இவ்வகைக் கோப்பை எப்போதும் திற' என்பதை எப்போதோ குறித்திருந்தால், அதை நீக்கும் 'கிளியர்' பொத்தானும் அதே பக்கத்தில்தான். ஆனால் அது குறித்து வைத்த எல்லா வகைகளையும் சேர்த்து அழித்துவிடும். அந்தப் பக்கத்தில் தனித்தனியாக மாற்ற வழியில்லாதது எனக்குக் குறைதான். இன்னொன்று, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) பக்கத்துக்குள் இருக்கும் பழைய, பாதுகாப்பில்லாத எச்டிடிபி இணைப்பைச் சொடுக்கினால் குரோம் இறக்கத்தைத் தடுக்கும். 2020இல் படிப்படியாக எச்சரிக்கத் தொடங்கி, 88ஆம் பதிப்பில் முழுத் தடையாக்கினார்கள். பழைய எழுத்துருத் தளங்களில் சொடுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இணைப்பின் முகவரியைக் காப்பி செய்து, எச்டிடிபிக்குப் பின் ஒரு 'எஸ்' சேர்த்துப் பார்த்தால் பல நேரம் சரியாகிவிடும்.

சஃபாரியில் 'இறக்கியதும் பாதுகாப்பான கோப்புகளைத் திற' என்பது தொடக்கத்திலேயே ஆன் ஆகியிருக்கும். ஜிப்பை அதுவே பிரித்துவிட்டு, மூல ஜிப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடும். வந்த ஜிப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய எனக்கு இது சரிப்படவில்லை. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியின் கடைசி வரியில் டிக்கை எடுத்தால் தீர்ந்தது.

சரி, இறங்கிய கோப்பு திறக்கவில்லை என்றால்? அமைப்பை மாற்றுவதற்கு முன்னால் கோப்பின் அளவைப் பாருங்கள். போன மாதம் ஒரு படத் தளத்திலிருந்து நூற்றுக்கணக்கான எம்பி வர வேண்டிய ஜிப், சில கேபியில் வந்து நின்றது. நோட்பேடில் திறந்தேன். உண்மையான ஜிப்பாக இருந்தால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருக்கும், 1989இல் இந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. என் கோப்பிலோ முதல் வரியிலேயே இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல், கீழே 'மீண்டும் உள்நுழையவும்'. லாகின் காலாவதியாகி, பிழைப் பக்கம்தான் ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருந்தது. இதற்கு எந்த பிரவுசரை மாற்றியும் பயனில்லை, மறுபடி லாகின் செய்து இறக்க வேண்டியதுதான்.

அளவு கிட்டத்தட்ட சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், பாதியில் அறுந்திருக்கும். ஜிப்பில் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. அதனால் வால் துண்டு வராவிட்டால் மொத்தமும் கெட்டுப்போனது போலத் தெரியும், உள்ளே படங்கள் முக்கால்வாசி நன்றாகவே இருந்தாலும். மின்சாரம் போய் வந்த பிறகு 'ரெஸ்யூம்' அழுத்தும்போது, விட்ட இடத்திலிருந்து தர சர்வர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காத சர்வர் முதலிலிருந்தே அனுப்பும், குறித்த நேரத்தில் காலாவதியாகும் இணைப்பென்றால் அதுவும் கிடையாது. பெரிய கோப்புகளுக்கு நான் ஒவ்வொரு முறையும் செவன்-ஜிப் என்ற சுருக்கும் மென்பொருளில் 'டெஸ்ட்' போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அனுப்புபவர் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பு மாறினால் தானும் மாறும் சரிபார்ப்பு எண்) தந்திருந்தால் அதையும் ஒப்பிடுவேன். செவன்-ஜிப் போட்டிருந்தால் அந்த வசதி கோப்பின் வலது சொடுக்கு மெனுவிலேயே இருக்கிறது.

கூகுள் ட்ரைவிலிருந்து பெரிய கோப்புறையை இறக்கும்போது அது 001, 002 என்று பல ஜிப்பாக வரும். இவை ஒன்றையொன்று நம்பியிருக்கும் துண்டுகள் இல்லை, தனித்தனி முழு ஜிப்புகள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிரித்தால் கோப்புறை தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒன்று குறைந்தால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, சில பக்கங்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். ஆகவே எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் தமிழ்ப் பெயர்கள். பிரித்த பின் 'அட்டை இறுதி' என்று இருக்க வேண்டிய பெயர் கோடும் கட்டமுமாக வந்தால் பிரவுசரைத் திட்டாதீர்கள். ஜிப் வடிவம் ஆரம்பத்தில் தமிழ் எழுத்தே இல்லாத பழைய ஐபிஎம் எழுத்துத் தொகுதியைத்தான் நம்பியிருந்தது. எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்று குறிக்கும் வசதி 2006இல்தான் சேர்ந்தது. அந்தக் குறி போடாத மென்பொருளில் சுருக்கினால் பெயர் இப்படித்தான் சிதையும். அனுப்புபவரை செவன்-ஜிப்பில் மறுபடி சுருக்கி அனுப்பச் சொன்னால் தமிழ் தமிழாகவே வரும். எங்கள் எழுத்தாளர்களிடம் இப்போதெல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்டுக்கொள்கிறேன்.